பேரைச் சொல்லும்வரை

என் மகள் தெய்வானைக்கு ஆறு வயது. சுற்றுகிற எதுவாக இருந்தாலும் அவளுக்குப் பிடிக்கும். தேத்தூள் டின் மூடியை வாசல் இஸ்தோப்புத் தரையில் சுண்டிவிட்டு, அது ஆடி அடங்கும்வரை கன்னத்தைச் சிமெந்தில் வைத்துப் படுத்திருப்பாள். அடங்கியதும் மறுபடி சுண்டுவாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற லயத்துக் காம்பரா எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், அப்புறம் தங்கள் பிள்ளைகளை எங்கள் பக்கம் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வயதில் ஏழெட்டுச் சொல் சொன்னவள்தான். மூன்று வயதுக்குள் ஒவ்வொன்றாக நின்று, ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வாள். ஆனால் தூரத்தில் லொறி வருகிற சத்தம் எங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் கேட்கும். காது செவிடு என்று சொன்னவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ராக்காயியின் நாக்கில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருக்கிறது என்று மலையில் கேலி செய்வார்கள்.

எங்கள் தோட்டம் பசறையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. லயத்துக்குக் கீழே தேயிலைப் பெக்டரி. அதன் பின்பக்கச் சன்னலில் நின்று பார்த்தால் ரோதை தெரியும். ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புச் சக்கரம் அது. அதில் மாட்டிய தோல் பட்டிதான் உள்ளே இருக்கிற மெசினையெல்லாம் ஓட்டுகிறது. அந்தச் சக்கரத்தில் ஒரு முனி குடியிருக்கிறது என்று எங்கள் ஆட்கள் கும்பிடுகிறார்கள். ரோதமுனி என்று பேர். வருசம் ஒரு கிடா வெட்டி, சுருட்டும் சாராயமும் படைக்காவிட்டால் அது கையைக் கேட்கும், விரலைக் கேட்கும் என்பார்கள். நானும் அந்தப் பக்கம் போனால் கும்பிடாமல் நகர்ந்ததில்லை.

தெய்வானை நடக்கப் பழகியதிலிருந்து அந்தச் சன்னலடிக்குத்தான் ஓடினாள். நான் கொழுந்தெடுக்கப் போகும்போது அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவேன். அங்கே ஆயா கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், பெக்டரிப் பின்பக்கம் போய் நிற்பாள். ரோதை ஓடினால் அதோடு சேர்ந்து ஒரே சுருதியில் முனகுவாள். முகம் அப்படித் தெளிந்திருக்கும். நிறுத்திவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு, சுவரில் தலையை முட்டி, உயிர் போகிற மாதிரிக் கத்துவாள்.

வினை இந்த ஆடியில் வந்தது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த புதுத் தொரை, பூசையும் வேண்டாம் கிடாவும் வேண்டாம் என்று போன வருசம் ரோதையை நிறுத்த விடவில்லை. இந்த ஆடியில் ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த பட்டி அறுந்து சந்தனம் என்கிற பையனின் முகத்தில் அடித்தது. ஒரு கண் போயிற்று. அந்த நேரம் தெய்வானை சன்னலில் நின்றிருந்தாள். அறுந்த பட்டி பாம்பு மாதிரி நெளிந்ததைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அன்று மாலையே லயத்தில் பேச்சு மாறிவிட்டது. முனிக்குக் கிடா கிடைக்கவில்லை, அதனால் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றார்கள். பிள்ளை சன்னலில் நிற்கிற நாளெல்லாம் ஆபத்து என்றார்கள். என் வீட்டுக்காரர் அழகையாவுக்கு வேலை பெக்டரியில்தான், கொழுந்து அரைக்கிற மெசினில். நல்ல மனுசன். ஊரே சேர்ந்து ஒன்றைச் சொன்னால் மட்டும் அவருக்கு முதுகு வளைந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் அவரிடம் பேசுவதைக் குறைத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

நாங்கள் எடுத்த எடுப்பில் முனியிடம் போய்விடவில்லை. பசறையில் துணிக்கடை வைத்திருக்கிற புஹாரி முதலாளி, பள்ளிவாசல் லெப்பையிடம் சொல்லி ஓதின தண்ணீர் வாங்கித் தந்தார். தெய்வானை அதைக் குடிக்கவில்லை. போத்தலைக் குலுக்கிக் குலுக்கிச் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிங்கள நாட்டு வைத்தியர், வெதமாத்தயா, தலைக்கு வைக்கச் சொன்ன எண்ணெயில் சளி பிடித்து நெஞ்சு இழுத்தது. அதற்குப் பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் சரவணமுத்து யாழ்ப்பாணத்து ஆள். தெய்வானையின் காதருகே கையைத் தட்டினார், சாவிக் கொத்தை ஆட்டினார். அவள் சாவி வளையத்தைப் பிடுங்கி மேசையில் சுற்றிவிட்டாள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது அம்மா. புத்தியும் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில இதுக்கு ஒரு பேர் வச்சிருக்கினம். ஆனா மருந்து எண்டு ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை."

"பேசுங்களா ஐயா?"

"எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டில வச்சுப் பாக்கேலாட்டி, கொழும்புப் பக்கம் ஒரு இடம் இருக்கு. எழுதித் தரட்டோ?"

அழகையா பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டார். அந்த மாதிரி இடங்களில் கட்டிப் போடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். டொக்டர் கட்டாயப்படுத்தவில்லை. தூங்குவதற்கு ஒரு மருந்து கொடுத்தார். அதைக் குடித்து தெய்வானை நாள் முழுக்கக் கட்டை மாதிரிக் கிடந்தாள். மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். எனக்கு அவள் கத்துவதே தேவலை என்று ஆகிவிட்டது. மருந்துப் போத்தலை வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தேன்.

மிச்சம் இருந்தவர் பேயோட்டுகிற வீரமலைக் கோடாங்கிதான்.

அவரும் எங்களைப் போல மண்வெட்டி பிடிக்கிறவர். உடுக்கையைக் கையில் எடுத்தால் கங்காணிகூட எழுந்து நிற்பார். கெட்டவரும் இல்லை, பொய்க்காரரும் இல்லை. எனக்கு அதுதான் கூடுதல் பயம். கெட்ட மனுசனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

உடுக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரோதமுனிதான். புள்ளைக்குள்ள குடியிருக்கு. பசியோட இருக்கு."

"என்னாங்கய்யா செய்யணும்?" என்று அழகையா கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம ரோதைய நிப்பாட்டி கெடா வெட்டுவோம். தொரைக்கிட்ட சங்கத் தலைவரு பேசிட்டாரு. புள்ளைய ரோதைக்கு முன்னால உக்கார வச்சி மொளகா வத்தப் பொக போடணும். பெரம்பால தட்டிக் கேக்கணும். யாருன்னு அது வாயாலயே பேரச் சொல்லணும். சொல்லிட்டா கட்டுப்பட்டுரும். அப்பறம் கேக்கிறதக் குடுத்து அனுப்பிறலாம். புள்ளைக்குப் பேச்சும் வந்துரும்."

"அதுக்குத்தான் பேச்சு வராதுங்களே," என்றேன்.

"புள்ள பேச வேணாம்மா. உள்ள இருக்கிறது பேசும்."

"அது பேசலன்னா?"

"பேசும்."

"பேசவே இல்லன்னு வைங்க. எப்ப நிப்பாட்டுவீங்க?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பேரச் சொல்ற வரைக்கும் நிப்பாட்டக் கூடாதும்மா. பாதியில விட்டா புள்ளையவே கொண்டுட்டுப் போயிரும்."

திரும்பி வரும்போது தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் அழகையா முன்னால் நடந்தார், பிள்ளை அவர் தோளில் இருந்தாள். நான் பின்னால் போய்க்கொண்டே கேட்டேன்.

"கேட்டீங்களா அவரு சொன்னத? பேரு சொல்ற வரைக்குமாம். இது எப்பங்க சொல்லும்? அடிச்சே கொன்னுருவாங்க."

"ஒரு நாளு வலி புள்ள."

"வலிக்கிதுன்னுகூட அதுக்குச் சொல்லத் தெரியாதே."

அவர் நின்று திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அப்ப என்னா செய்யச் சொல்ற? கொழும்புக்கு அனுப்பவா? நீ செத்து நானும் செத்தா இவள யாரு பாப்பா? சோறு வேணும்னு யாருகிட்ட போயி கேப்பா? நெனச்சா எனக்கு ஒறக்கமே வர்றதில்ல."

அதே பயம்தான் எனக்கும். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எனக்குள்ளும் ஒரு ஆசை கிடந்தது. என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிற ஒருத்தி, பேய் பிடித்துச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள். கோடாங்கி அடித்துத்தான் எழுப்பினார். இன்றைக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே கூடையை நிரப்புகிறாள். நானும் போய் அவளிடம் விசாரித்தேன்.

"மூணாவது அடியிலயே என்னா பேரு வாயில வந்துச்சோ அதச் சொல்லிட்டேன் அக்கா," என்றாள். "அப்பறம் அடிக்கல."

அவளுக்கு வாய் இருந்தது. நான் கூடையை அப்படியே வைத்துவிட்டு மலையில் உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல், இரண்டு துணியைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையோடு ரோட்டுக்கு இறங்கினேன். அப்புத்தளையில் என் அண்ணன் இருக்கிறான். பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் லயத்து ஆட்கள் நாலு பேர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். யாரும் அதட்டவில்லை.

"எங்கக்கா போறீங்க? நாளைக்குப் பூச. புள்ள இல்லாம எப்பிடி?" என்று ஒருவன் அன்பாகக் கேட்டான். இன்னொருவன் தெய்வானையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மூன்றாவது ஆள் என் மூட்டையை எடுத்தான். சந்தனத்தின் தகப்பன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து போனது. நான் அவர்களோடு மேலே ஏறினேன். யாராவது ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. பெக்டரி முழுக்கச் சாம்பிராணி. ரோதையைத் தாங்குகிற தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள், மஞ்சள் பூசியிருந்தார்கள். தெய்வானை அதன் முன்னால் தகப்பன் மடியில் உட்கார்ந்து, அது ஓடுவதைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தாள். கோடாங்கி கையைக் காட்டினார். ரோதையை நிறுத்தினார்கள். சக்கரம் மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

தெய்வானை கத்தத் தொடங்கினாள்.

"பாத்தீங்களா கோவத்த!" என்றார் கோடாங்கி. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. எனக்கு மட்டும்தான் தெரியும், அது அவள் தினமும் கத்துகிற கத்தல். ரோதை நின்றுவிட்டதால் கத்துகிறாள். அதைச் சொன்னால் அந்த இடத்தில் யார் கேட்பார்கள்?

வத்தலை நெருப்பில் போட்டார்கள். புகை நேராக அவள் முகத்துக்கு. எனக்கே தொண்டை கிழிந்தது. அவள் இருமி, மூச்சுக்குத் திணறி, தலையை இப்படியும் அப்படியும் அடித்தாள். அழகையா அவள் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்க வேண்டியது தகப்பன்தானாம்.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

பிரம்பு முதலில் தரையில் விழுந்தது. பிறகு அவள் முதுகில். தெய்வானையின் கத்தல் பட்டென்று நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பேரச் சொல்லு!"

இரண்டாவது அடி. அழகையா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சொல்லும்மா, சொல்லிரும்மா," என்று அவள் காதில் கெஞ்சினார். கோடாங்கி கை மறுபடி உயர்ந்தது. அவர் முகத்தில் கோபமே இல்லை. வேர்த்து, கவலையாக, வேலையில் கவனமாக இருந்தார். இந்த மனுசன் நிறுத்த மாட்டார் என்று எனக்கு விளங்கியது. சாயந்தரம் வரை ஆனாலும் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் பிள்ளை செத்துவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார்.

நான் கொண்டையை அவிழ்த்தேன்.

மாரியம்மன் திருவிழா பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சாமி வந்தால் எப்படி ஆடும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் முடி விழும், பிறகு கழுத்து சுழலும், பிறகு குதிகால் தரையை உதைக்கும். அந்த வரிசை தப்பாமல் செய்தேன்.

"ஏய்! அங்க ஏன்டா தேடுற? நான் இங்க இருக்கேன்டா!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கூட்டம் அலறி விலகியது. கோடாங்கி சட்டென்று திரும்பினார்.

"யாரு நீ?"

"ரோதமுனிடா!"

பிரம்பு என் தோளில் இறங்கியது. இன்னொன்று, இன்னொன்று. நான் சிரித்தேன். முனி அழக் கூடாதே. அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்து பெரிய சூடமாக எடுத்து என் வலது உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தினார். பொய் ஆட்டமாக இருந்தால் கை தானாக உதறிவிடும். எனக்குத் தலைக்குள் வெளிச்சம் வெடித்தது. தெய்வானையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புகை குறைந்து அவளுக்கு மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சூடம் எரிந்து முடிந்தபோது கோடாங்கி பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னா வேணும் சாமி?"

"கெடா வேணும். வருசா வருசம் வேணும்."

"உத்தரவு."

"அந்தப் புள்ள மேல எவனும் கை வைக்கக் கூடாது. அது என்னையப் பாக்க வரும். சன்னல்ல நிக்கும். வெரட்டக் கூடாது."

"உத்தரவு சாமி, உத்தரவு."

அதோடு விழுந்து மயங்கிவிடலாம் என்று நினைத்தேன். அழகையா பிள்ளையை விட்டுவிட்டு, முழங்காலில் நகர்ந்து என் முன்னால் வந்தார். என் காலைத் தொட்டார். பத்து வருசமாக என்னை ஏ புள்ள என்று கூப்பிடுகிற மனுசன்.

"சாமி, எம் புள்ள எப்ப பேசும்னு சொல்லுங்க சாமி."

தைப்பொங்கலுக்கு என்று சொன்னால் தைப்பொங்கலுக்குப் பிரம்போடு வருவார்கள். சீக்கிரம் என்று சொன்னால் அவர்கள் பொறுமை தீர்கிற நாளில் வருவார்கள். முனி இறங்கிப் போய்விட்டது என்றால், இன்னும் ஏன் பேசவில்லை என்று நாளைக்கே கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்த வத்தல் புகைதான். என் புருசன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த ஆசையை என்னால் பார்க்க முடியவில்லை. அது என் ஆசையும்தான்.

"பேசாது," என்றேன். "எப்பவும் பேசாது. அது பேச்ச நான் எடுத்துக்கிட்டேன். திருப்பிக் கேக்காதீங்க. கேட்டா, இன்னொரு கண்ண எடுப்பேன்."

அழகையா எண்ணெய்த் தரையில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கோடாங்கி என் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார். நான் விழுந்தேன். அது நடிப்பில்லை, கால் நிற்கவில்லை. கண்ணை மூடிக் கிடக்கும்போது ரோதையை மறுபடி ஓட்டினார்கள். தெய்வானை முனகத் தொடங்கியது கேட்டது.

சாயந்தரம் லயத்துக்கு முன்னால் கிடாக் கறிச் சோறு. பெண்டுகள் எனக்கும் பிள்ளைக்கும் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கும்பிட்டு, முதுகு காட்டாமல் போனார்கள். அழகையா என் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். கண்ணைப் பார்க்கவில்லை.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

என்னிடம் ங்க போட்டுப் பேசினார். நான்தான், ராக்காயிதான் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட நாக்கு துடித்தது. வெளியே இஸ்தோப்பில் சந்தனத்தின் தகப்பனும் கோடாங்கியும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகையாவால் ஒன்றை ஒளித்து வைக்க முடியாது, நாளைக்குள் முகம் காட்டிக் கொடுத்துவிடும். "இல்ல," என்று மட்டும் சொன்னேன். அவர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வெளியே போனார்.

தெய்வானை சோற்றைத் தின்று முடித்துவிட்டுத் தட்டைச் சுற்றிவிடப் பார்த்தாள். வெளியே ஆட்கள் இருக்கிறார்களே என்று நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை. அவள் முனகல் நின்றது. தட்டைப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ காலத்துக்குப் பின், என் முகத்தைப் பார்த்தாள்.

"த்தா," என்றாள்.

முனகலா, சொல்லா, எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை உதடு குவிந்தது, நாக்கு பல்லுக்குப் போனது. வெளியே யாரோ சாப்பாட்டை நிறுத்தியது போல் இருந்தது. எப்பவும் பேசாது என்று முனி சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். நான் தட்டை விட்டுவிட்டு, சூடு படாத கையால் அவள் வாயைப் பொத்தினேன். உள்ளங்கையில் அவள் மூச்சு சூடாக மோதியது. நாக்கு அசைந்துகொண்டே இருந்தது. கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.